ஹப் கேட்டால் ஸ்விட்ச் தருகிறார்களே, ஏன்?

கீழக்கரையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர் (அண்ணன் என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) போன மாதம் போன் செய்தார். "தம்பி, பில் போடுற கம்ப்யூட்டர் இப்ப ரெண்டாயிருச்சு. பிரிண்டர் ஒண்ணு, கேமரா பொட்டி ஒண்ணு. எல்லாத்தையும் சேர்க்க ஒரு ஹப் வாங்கிட்டு வந்து மாட்டிருங்க. நல்ல ஹப்பா பாருங்க, நெட்டும் கொஞ்சம் வேகமா வரட்டும்."

"சரி காக்கா" என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்விட்ச்சை வாங்கிப்போய் மாட்டினேன். இன்றுவரை அவர் அதை ஹப் என்றுதான் சொல்கிறார். நெட்டும் முன்பு வந்த அதே வேகத்தில்தான் வருகிறது.

ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு தொண்டி முதல் சாயல்குடி வரை, அந்தப் பக்கம் ராமேஸ்வரம் வரை கடைகளுக்கும் லாட்ஜ்களுக்கும் கம்ப்யூட்டர்களை இணைக்கும் லேன் வயர் இழுக்கிறவன் நான். எங்கள் பக்கம் ஹப் என்ற ஒரே சொல்லால் நான்கு சாமான்களைக் கேட்பார்கள்: பழைய நெட்வொர்க் ஹப், இன்றைய ஸ்விட்ச், லேப்டாப்பில் செருகும் யூஎஸ்பி ஹப், சில நேரம் வைஃபை ரவுட்டர். பெயர் மாறுவதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எது என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் கடைக்குப் போனால், தேவைக்கு மேல் காசு போகும். அல்லது வாங்கியது பத்தாமல் மறுநாளும் கடைக்கு நடக்க வேண்டியிருக்கும்.

## ஒரே சேனலில் பேசும் படகுகள்

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஹப்பைப் புரியவைப்பது சுலபம். படகில் பேசிக்கொள்ள விஎச்எஃப் ரேடியோ செட் இருக்கும். பாம்பன்காரர் ஒருவர் தன் தம்பி படகைக் கூப்பிட்டு "ஐஸ் மிச்சம் இருக்கா?" என்று கேட்டால், அந்தச் சேனலில் காது கொடுத்திருக்கும் அத்தனை படகுக்கும் அது கேட்கும். தங்களுக்கில்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்திவிட்டால் கரகரப்புதான் மிஞ்சும். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச முடியும்.

ஹப் செய்வதும் இதேதான். அதில் வயர் செருகும் ஒவ்வொரு வாய்க்கும் போர்ட் என்று பெயர். துறைமுகத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். நம் ஊருக்குப் பொருத்தம். ஒரு போர்ட்டில் வரும் மின்துடிப்பை வாங்கி, சுத்தப்படுத்தி, மற்ற எல்லா போர்ட்டிலும் அப்படியே வெளியே தள்ளும். யாருக்கு வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று பார்க்கிற அறிவு அதற்குக் கிடையாது.

கம்ப்யூட்டர்கள் எதையும் மொத்தமாக அனுப்புவதில்லை. துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் மேலும் 'யாருக்கு', 'யாரிடமிருந்து' என்று எழுதி அனுப்பும். அந்தத் துண்டைப் பொட்டலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொட்டலத்தில் வழக்கமாக 1500 பைட் வரை சரக்கு ஏற்றலாம். அப்படியானால் 3 எம்பி (சுமார் 30 லட்சம் பைட்) அளவுள்ள ஒரு போட்டோ சுமார் 2000 பொட்டலங்களாகப் போகும். ஹப்பில் 8 கம்ப்யூட்டர் மாட்டியிருந்தால், அனுப்புகிறவரையும் வாங்குகிறவரையும் தவிர, சம்பந்தமே இல்லாத மீதி 6 பேர் வாசலிலும் அந்த 2000 பொட்டலங்களும் வந்து நிற்கும்.

இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் அனுப்பினால் பொட்டலங்கள் சிதைந்துபோகும். இதற்கு மோதல் என்று பெயர். மோதியது தெரிந்ததும் இரண்டும் நிறுத்திக்கொண்டு, ஆளுக்கொரு சிறு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். எவ்வளவு நேரம் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுக்கிற மாதிரி முடிவு செய்யும். ஏனென்றால் இரண்டும் ஒரே அளவு நேரம் காத்திருந்தால் திரும்பவும் போய் முட்டிக்கொள்ளும். 3 கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் இது பெரிய தொல்லை இல்லை. 20 கம்ப்யூட்டர் என்றால் முட்டிக்கொள்வதும் காத்திருப்பதுமாகவே பொழுது போகும்.

அது மட்டுமல்ல, ஹப்பில் மாட்டிய கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் அனுப்பலாம் அல்லது வாங்கலாம்; இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. பாம்பன் ரயில் பாலம் மாதிரி. 1914-இல் திறந்த பழைய பாலமானாலும் சரி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமானாலும் சரி, ஓடியதும் ஓடுவதும் ஒற்றைத் தண்டவாளத்தில்தான். ஒரு ரயில் தாண்டிய பிறகுதான் எதிர் ரயிலுக்கு வழி. இந்த ஒற்றைவழி முறைக்குத் தொழில்பெயர் ஹாஃப் டூப்ளெக்ஸ்.

படகு செட் உவமையை நானாக இட்டுக்கட்டவில்லை. இதன் வரலாறே தீவுகளில்தான் தொடங்குகிறது. 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் அங்குள்ள தீவுகளின் கம்ப்யூட்டர் முனையங்களை ரேடியோ வழியாக இணைத்தார்கள். முனையங்கள் எல்லாம் அனுப்புவதற்கு ஒரே அலைவரிசை. முட்டிக்கொண்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். அலோஹாநெட் என்ற அந்த ஏற்பாட்டிலிருந்து யோசனை பெற்று, 1973-இல் ராபர்ட் மெட்காஃப் அதை வயருக்குள் கொண்டுவரத் திட்டம் எழுதினார். அதுதான் இன்று நாம் லேன் என்று சொல்லும் ஈதர்நெட்.

இதுவரை பார்த்தது: ஹப் ஒரு ஊமை எதிரொலி. வந்ததை எல்லோருக்கும் திருப்பிக் கத்தும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், பேசுவது எல்லோர் காதிலும் விழும்.

## படகுத்துறையில் ஒரு கணக்குப்பிள்ளை

இப்போது ஸ்விட்ச்சுக்கு வருவோம். விளக்குப் போடும் சுவிட்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எலக்ட்ரிகல் கடையில் போய் '8 போர்ட் ஸ்விட்ச்' என்று கேட்டு, சுவரில் பதிக்கும் பெட்டியோடு திரும்பியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

படகுத்துறைக்குப் புதிதாக ஒரு கணக்குப்பிள்ளை வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகிலிருந்து படகுக்குச் சீட்டு கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. எந்தப் படகு எந்தத் தூணில் கட்டியிருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையில் வெறும் நோட்டு.

முதல் சீட்டு 3-ஆம் தூணில் கட்டிய படகிலிருந்து வருகிறது. கணக்குப்பிள்ளை முதலில் அனுப்பியது யார் என்றுதான் பார்க்கிறார். அந்தப் படகின் எண்ணை எழுதி, பக்கத்தில் '3-ஆம் தூண்' என்று குறித்துக்கொள்கிறார். பிறகு யாருக்கு என்று பார்க்கிறார். அந்த எண் நோட்டில் இல்லை. வேறு வழியில்லாமல் சீட்டைப் படியெடுத்து 3-ஆம் தூண் நீங்கலாக எல்லாத் தூணுக்கும் கொடுக்கிறார். உரிய படகுக்காரர் வாங்கிப் படித்துப் பதில் எழுதுகிறார்; மற்றவர்கள் கிழித்துப் போடுகிறார்கள். பதில் வருவது 7-ஆம் தூணிலிருந்து. உடனே நோட்டில் இன்னொரு வரி ஏறுகிறது. இனிமேல் இந்த இரண்டு படகுக்கும் நடுவில் எத்தனை சீட்டு போனாலும் 3-க்கும் 7-க்கும் மட்டும்தான் நடை. மற்ற படகுகளுக்கு அந்தப் பேச்சே எட்டாது. அதே நேரத்தில் 1-ஆம் தூணும் 5-ஆம் தூணும் தங்களுக்குள் தனியாகச் சீட்டு அனுப்பிக்கொள்ளலாம்.

ஸ்விட்ச்சின் வித்தை இதற்கு மேல் ஒன்றுமில்லை. யாரும் பட்டியல் போட்டுக் கொடுப்பதில்லை. வருகிற பொட்டலத்தில் 'யாரிடமிருந்து' என்ற இடத்தைப் பார்த்துப் பார்த்தே அது தன் நோட்டை நிரப்பிக்கொள்கிறது. தூண் என்று நான் சொன்னது போர்ட். படகு எண் என்றது மேக் முகவரி: ஒவ்வொரு நெட்வொர்க் சாதனத்துக்கும் தயாரிக்கும்போதே போட்டு அனுப்பும் 12 இலக்க எண். 0 முதல் 9 வரையும், ஆங்கிலத்தின் ஏ முதல் எஃப் வரையும் அதில் வரும். ராமேஸ்வரம் விசைப்படகின் பதிவு எண்ணில் டிஎன்-10 என்று பார்த்ததும் எந்தப் பக்கத்துப் படகு என்று தெரிகிற மாதிரி, மேக் முகவரியின் முதல் 6 இலக்கத்தை வைத்துத் தயாரித்த நிறுவனம் எது என்று சொல்லிவிடலாம். கேமராவின் அடியிலோ பிரிண்டரின் பின்னாலோ ஒட்டியிருக்கும் சீட்டில் தேடிப் பாருங்கள்.

நோட்டில் எழுதியது எப்போதைக்கும் நிற்காது. ஒரு சாதனம் கொஞ்ச நேரம், பெரும்பாலான ஸ்விட்ச்சுகளில் 5 நிமிடம், எதுவும் பேசாமல் இருந்தால் அந்த வரி அழிந்துவிடும். பிரிண்டர் வயரை ஒரு போர்ட்டிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் செருகினாலும் பயமில்லை. அது வாயைத் திறந்ததும் புது இடம் பதிவாகிவிடும்.

சில பொட்டலங்களில் 'யாருக்கு' என்ற இடத்தில் 'எல்லோருக்கும்' என்றே எழுதியிருக்கும். "இந்த எண்ணுக்குரியவர் யாரப்பா?" என்று கம்ப்யூட்டர் விசாரிக்கிற மாதிரியான சங்கதிகள் அவை. அவற்றை ஸ்விட்ச்சும் எல்லா போர்ட்டுக்கும்தான் அனுப்பும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு லாட்ஜ் கதையில் வருகிறது.

ஸ்விட்ச்சில் நேராக மாட்டிய கம்ப்யூட்டர் அனுப்பவும் வாங்கவும் ஒருசேரச் செய்யலாம். ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே 1988-இல் திறந்த சாலைப் பாலம் நிற்கிறதே, அதில் போகிற பஸ் போய்க்கொண்டிருக்கும், வருகிற லாரி வந்துகொண்டிருக்கும். இந்த இருவழி முறை ஃபுல் டூப்ளெக்ஸ். இதில் மோதலுக்கே வேலையில்லை.

முதல் ஈதர்நெட் ஸ்விட்ச்சை 1990-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம். பெயர் நம்மூர்ப் பெயராக இருக்கிறதே என்றால், அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். 1994-இல் அதை சிஸ்கோ என்ற பெரிய நெட்வொர்க் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அப்போதெல்லாம் ஸ்விட்ச் விலை மிக அதிகம், அதனால் ஹப்பும் கூடவே ஓடியது. பிறகு ஸ்விட்ச்சுக்கு வேண்டிய சில்லுகள் மலிந்துபோனதும் ஹப் வாங்க எந்தக் காரணமும் இல்லாமல் போயிற்று. பெட்டி மறைந்தது, பெயர் மட்டும் வாயில் தங்கிவிட்டது. இன்று கடையில் ஹப் கேட்டால் ஸ்விட்ச் எடுத்துத் தருவது அதனால்தான். கடைக்காரர் ஏமாற்றவில்லை.

சரி, வித்தியாசம் இவ்வளவுதான்: ஹப் எல்லோருக்கும் கத்தும், ஸ்விட்ச் உரியவர் கையில் கொடுக்கும்.

## ஸ்விட்ச் மாற்றினால் நெட் வேகமாகுமா?

ஆகாது. காக்கா கேட்ட இரண்டாவது விஷயம் இது. வெளியிலிருந்து வரும் இணைப்பு 50 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 50 மெகாபிட், என்றால், எவ்வளவு விலையுயர்ந்த ஸ்விட்ச்சைப் போட்டாலும் 50-க்கு மேல் ஒரு சொட்டு கூட வராது. காவிரிக் குழாயில் வருகிற தண்ணீரைக் குடத்தை மாற்றி அதிகமாக்க முடியுமா?

ஆனால் கடைக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற சரக்கு வெளி இணைப்பைத் தொடுவதே இல்லை. ஸ்விட்ச்சின் வேகம் தெரிவது அங்கேதான். அட்டைப் பெட்டியில் 10/100 என்று போட்டிருந்தால் ஒரு போர்ட்டில் அதிகபட்சம் நொடிக்கு 100 மெகாபிட். கிகாபிட் அல்லது 10/100/1000 என்றிருந்தால் 1000 மெகாபிட். பிட் வேறு, பைட் வேறு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 எம்பிதான். கிகாபிட் என்றால் 125 எம்பி.

ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் கல்யாண வீடியோவை எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க்கில்தான் ஏற்றுவார். ஒரு கல்யாணம் 40 ஜிபி என்று வைப்போம். 100 மெகாபிட் ஸ்விட்ச்சில் எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 53 நிமிடம் ஆகும். கிகாபிட்டில், ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுத்தால், 5 நிமிடத்துக்குச் சற்று அதிகம். முகூர்த்த மாசத்தில் ஒரு நாளைக்கு மூன்று கல்யாணம் ஏற்றுகிறவருக்கு இது சின்ன வித்தியாசமா?

அவர் கிகாபிட் ஸ்விட்ச் வாங்கி மாட்டிவிட்டு, "அண்ணே, அதே ஒரு மணி நேரம்தான் ஆகுது" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ஸ்விட்ச்சில் குற்றமில்லை. லேன் வயருக்குள் 8 இழைகள் இருக்கும். 100 மெகாபிட்டுக்கு அதில் 4 போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். யாரோ அவசரத்தில் முனையை அழுத்தியதில் ஒரு இழை சரியாக உட்காரவில்லை. ஸ்விட்ச்சும் கம்ப்யூட்டரும் தங்களுக்குள் பேசிப் பார்த்து, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி வந்துவிட்டன. ஐந்து ரூபாய் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டதும் சரியாயிற்று. வழியில் எது மெதுவோ அதுதான் மொத்த வேகம்.

பில் போடுவதும் பிரிண்ட் எடுப்பதும்தான் வேலை என்றால் 100 மெகாபிட் தாராளம். ஆனால் இன்று இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதில்லை என்பதால் நான் கிகாபிட்டையே வாங்கச் சொல்கிறேன்.

## ரவுட்டர் வேறு, வைஃபை வேறு

வீட்டில் நெட் கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போகும் பெட்டி ரவுட்டர். உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் வாசற்காவலர் மாதிரி நிற்பது அது. அதன் பின்னால் ஒரே வரிசையில் 2 அல்லது 4 போர்ட் இருக்கிறதே, அது உள்ளேயே வைத்துக் கட்டிய குட்டி ஸ்விட்ச். கணக்குப் பார்த்து அது போதும் என்றால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். போதவில்லை என்றால் அதில் ஒரு போர்ட்டிலிருந்து வயர் எடுத்து ஸ்விட்ச்சுக்குக் கொடுக்க வேண்டும். ரவுட்டர் வேண்டாம், ஸ்விட்ச் மட்டும் போதும் என்று நினைத்தால் நெட் வராது.

வைஃபை பற்றி ஒரு வரி. அது இன்றைக்கும் பழைய படகு செட் குடும்பம்தான். ஒரு வைஃபை பெட்டியில் சேர்ந்த எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஒரே காற்று; ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருக்க வேண்டும். ஆகவே நகராமல் ஒரே இடத்தில் இருக்கிற சாதனம் எதுவானாலும், பில்லிங் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, டிவி, எல்லாவற்றுக்கும் வயர் கொடுத்துவிடுங்கள். காற்றைக் கையில் போன் வைத்திருப்பவர்களுக்கு விட்டுவிடலாம்.

## எத்தனை போர்ட் வேண்டும்?

கடையில் 5, 8, 16, 24, 48 என்று கிடைக்கும். 5 போர்ட் வாங்கினால் ஒன்று ரவுட்டரிலிருந்து வரும் வயருக்குப் போய்விடும், மிச்சம் 4. இதைக் கணக்கில் எடுக்காமல் வாங்கி, மறு வாரமே இன்னொரு 5 போர்ட் வாங்கி அதன் வாலில் இதைக் கட்டி, அதன் வாலில் இன்னொன்றைக் கட்டி வைத்திருக்கும் இடங்களைப் பார்க்கிறேன். நடுவில் ஒரு பெட்டியின் அடாப்டர் கழன்றால் அதில் மாட்டியதும் அதற்குப் பின்னால் இருப்பதும் எல்லாம் செத்துவிடும். இன்றைக்கு எண்ணி, அதற்கு மேல் மூன்று நான்கு கூட்டி வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஸ்விட்ச்சிலிருந்து சாதனம் வரை லேன் வயர் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. இது சாதாரணக் கடைக்குப் பிரச்சினையே இல்லை. உப்பளம், இறால் பண்ணை, பெரிய தோப்புக்குள் இருக்கும் ரிசார்ட் இவற்றில்தான் இடிக்கும்.

மேனேஜ்டு என்று இன்னொரு வகை, விலை கூடுதல். அதற்குள் நுழைந்து அமைப்புகளை மாற்றலாம். உதாரணத்துக்கு, ஒரே பெட்டியை இரண்டு தனிப் பெட்டி மாதிரிப் பிரித்து, லாட்ஜில் தங்குகிறவர்கள் பக்கத்தையும் பில்லிங் பக்கத்தையும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் வைக்கலாம். இதற்கு விலான் என்று பெயர். நாலு கம்ப்யூட்டர் கடைக்கு இது வேண்டாம்.

## கேமராவுக்கு வயரிலேயே கரண்ட்

லேன் வயரில் மாட்டும் ஐபி கேமரா வைப்பவர்கள் பிஓஇ ஸ்விட்ச் கேட்பார்கள். லேன் வயரிலேயே தகவலோடு கரண்டையும் சேர்த்து அனுப்புவது பிஓஇ. கேமராவுக்குத் தனியாகப் பிளக் பாயின்ட் வேண்டாம். எங்கள் பக்கம் இதில் இன்னொரு லாபம்: ஸ்விட்ச்சுக்கும் ரெக்கார்டர் பெட்டிக்கும் ஒரு யூபிஎஸ் கொடுத்துவிட்டால், கரண்ட் போனாலும் கம்பத்து மேலே இருக்கிற கேமராக்கள் வரை எல்லாம் ஓடும்.

வாங்கும்போது வாட் கணக்கு பார்க்க வேண்டும். முதல் தரநிலையில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை, அடுத்ததில் 30 வாட் வரை ஸ்விட்ச் தரலாம். ஆனால் பெட்டிக்கு மொத்தமாக ஒரு வரம்பு உண்டு. 8 போர்ட், மொத்தம் 60 வாட் என்று போட்டிருந்தால் 8 போர்ட்டுக்கும் 15 வாட் கிடைக்காது. கேமரா ஒன்று 6 வாட் எடுக்கிறது என்றால் 8 கேமராவுக்கு 48, சரியாகப் போகும். சுற்றிச் சுழல்கிற, இரவு விளக்குள்ள பெரிய கேமராக்கள் இரண்டைச் சேர்த்தால் இடிக்கும். அப்போது ராத்திரி விளக்கு எரிகிற நேரம் பார்த்துக் கேமரா அணைந்து அணைந்து வரும். ஆட்கள் கேமராவைக் குறை சொல்வார்கள்.

## உப்புக் காற்று

எந்த ஸ்விட்ச் வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் வருகிற அறிவுரைகளில் இது இருக்காது. எனக்கு வருகிற புகார்களில் பாதிக்கு மேல் இதனால்தான்.

தங்கச்சிமடத்தில் ஒரு ஐஸ் கம்பெனி. கேமரா இரண்டு மாதத்துக்கொரு தடவை நின்றுபோகும். ஸ்விட்ச்சை மாற்றினார்கள், கேமராவையும் மாற்றினார்கள். போய் வயர் முனையை உருவிப் பார்த்தேன். வரிசையாக இருக்க வேண்டிய 8 பொன்னிறக் கம்பிகளில் மூன்று பச்சை பூத்துக் கிடந்தன. செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் படிகிற அதே களிம்பு. முனையின் மேல்பூச்சு மெல்லியதாக இருந்தால் உப்பு ஈரம் உள்ளே இறங்கிவிடும். கரண்டும் அதே கம்பியில் போவதால் அரிப்பு இன்னும் சீக்கிரம்.

ஆகவே கடலோரத்தில் ஸ்விட்ச்சைத் திறந்த வராந்தாவிலும் காம்பவுண்ட் சுவரிலும் வைக்காதீர்கள். உள்ளறையில், மூடிய பெட்டிக்குள் வையுங்கள். காற்றாடி இல்லாத ஸ்விட்ச்சாக இருந்தால் நல்லது. காற்றாடி உப்புக் காற்றை இழுத்து உள்ளே பூசிவிடும். வெளியே போகும் வயர் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் வயராக இருக்கட்டும். சுவர் ஓட்டைக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் வளைவு விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், வயர் வழியே உள்ளே வராது.

வயர் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு பூசிய வயர் விலை குறைவாக வருகிறது, சிசிஏ என்பார்கள். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நாலு தடவை மடக்கினால் ஒடிந்துவிடும். பிஓஇ கரண்ட் ஓட்டினால் சூடாகும். ஸ்விட்ச்சில் மிச்சம் பிடித்தாலும் வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்பது என் கட்சி. ஸ்விட்ச்சை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். சுவருக்குள் போன வயரை மாற்ற ஆள் வைத்து உடைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் ஒரே நாளில் மூன்று ஸ்விட்ச் கருகிய இடம் உண்டு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வயர் போகிறது என்றால், அந்தத் துண்டை மட்டும் கண்ணாடி இழை வயராக, அதாவது ஃபைபராகப் போடுங்கள். அதில் மின்சாரம் பாயாது. ஒரு கட்டடத்தில் இறங்கிய அதிர்ச்சி அந்த வழியாக அடுத்ததற்குத் தாவாது. 100 மீட்டர் கட்டுப்பாடும் அதற்கு இல்லை.

## ஒரு வயர், இரண்டு முனை

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ். ரிசப்ஷனில் ஆட்கள் பெட்டியோடு நிற்கிறார்கள், பில்லிங் நின்றுவிட்டது, கேமராத் திரை உறைந்துவிட்டது, நெட் இல்லை. போய்ப் பார்த்தால் 24 போர்ட் ஸ்விட்ச்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மின்னுகின்றன. சாதாரணமாக அவை ஆளுக்கொரு போக்கில் சிமிட்டும்.

தரையைப் பெருக்கிய பையன், தொங்கிக்கொண்டிருந்த வயர் முனை ஒன்றைப் பார்த்து, பாவம் கழன்றுவிட்டது போல என்று காலியாக இருந்த போர்ட்டில் செருகியிருக்கிறான். அந்த வயரின் மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்ச்சில்தான் இருந்தது.

'எல்லோருக்கும்' பொட்டலம் ஞாபகம் இருக்கிறதா? ஸ்விட்ச் அதை எல்லா போர்ட்டிலும் அனுப்பும். ஒரு பிரதி அந்த வயர் வழியாகச் சுற்றிக்கொண்டு அதே ஸ்விட்ச்சுக்குத் திரும்பி வரும். புதுப் பொட்டலம் என்று நினைத்து மறுபடி எல்லா போர்ட்டிலும் அனுப்பும். அது திரும்பவும் வரும். இந்தப் பொட்டலங்களுக்குச் சாவே கிடையாது. சில நொடிகளில் முழு வேகத்தையும் அவையே தின்றுவிடும். இதற்கு லூப் என்று பெயர். இதைக் கண்டுபிடித்து ஒரு வழியைத் தானாக அடைத்துவிடும் முறையை 1985-இல் ரேடியா பெர்ல்மன் வகுத்தார். ஸ்பேனிங் ட்ரீ என்ற அந்த வசதி மேனேஜ்டு ஸ்விட்ச்சுகளில் இருக்கும். விலை குறைந்த சிலவற்றிலும் 'லூப் தடுப்பு' என்று எழுதியிருக்கும். ஆட்கள் நடமாடும் இடமென்றால் அதைப் பார்த்து வாங்குங்கள்.

அன்றைக்கு அந்த வயரை உருவிய மறுகணமே விளக்குகள் தணிந்துவிட்டன. அந்தப் பையனைத் திட்டாதீர்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

## யூஎஸ்பி ஹப்

இது முற்றிலும் வேறு ஜாதி. ஒரு கம்ப்யூட்டரின் ஒரு யூஎஸ்பி வாயை நாலாகப் பிரித்து மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் மாட்டுவதற்கானது. இரண்டு கம்ப்யூட்டரை ஒன்றோடொன்று இணைக்க இது உதவாது. கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 2.0 வாய் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 வாய் 900. அதை நாலு பேர் பங்குபோட்டால் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பத்தாமல் பாதியில் கழன்றுகொள்ளும். ஹார்ட் டிஸ்க் மாட்டுவதாக இருந்தால் தனி அடாப்டரோடு வரும் ஹப் வாங்குங்கள்.

## என் பையில் இருக்கும் நிஜ ஹப்

உண்மையான ஹப் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. 4 போர்ட், 10 மெகாபிட், பழுப்பேறிய பிளாஸ்டிக். எடைக்குப் போட மனசு வரவில்லை. ஸ்விட்ச் உரியவருக்கு மட்டும் கொடுக்கிறது என்பதால், நடுவில் என் லேப்டாப்பை மாட்டினால் மற்றவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. ஹப்பில் கேட்கும்.

மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனி. எடைத் தராசிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கணக்கு ஏறவில்லை. தராசுக்காரர் கம்ப்யூட்டரைச் சொல்கிறார், கம்ப்யூட்டர்காரர் தராசைச் சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஹப்பை வைத்து மூன்றாவது போர்ட்டில் லேப்டாப்பை மாட்டி உட்கார்ந்தேன். தராசு ஒவ்வொரு கூடைக்கும் ஒழுங்காக எடையை அனுப்ப முயன்றுகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் அதில் யாரோ பாதுகாப்பு மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறார்கள். தராசுக்கு வழி திறந்துவிட்டதும் அடுத்த கூடை 31.4 கிலோ என்று திரையில் வந்து விழுந்தது. ஹப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.